பிழைவரம்புக்குள் மனிதர்கள்

ஒரு இலக்கியக் கட்டுரையில் ‘குவாண்டம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் அடுத்து என்ன வரும் என்று இப்போதெல்லாம் என்னால் சொல்லிவிட முடிகிறது. இரண்டு பத்தி தள்ளி ஹைசன்பர்க் வருவார். அவருக்குப் பின்னாலேயே ‘ஆகவே நிலையான உண்மை என்று எதுவும் இல்லை’ என்று ஒரு வரி. அப்புறம் பார்ப்பவரும் பார்க்கப்படுவதும் ஒன்றாகும், பூனை உயிரோடும் உயிரில்லாமலும் இருக்கும், கடைசியில் ஒரு கவிதை மேற்கோள். வாசித்தவர் மனசுக்குள் ஒரு மெல்லிய புல்லரிப்பு. அவ்வளவுதான். இயற்பியலும் கவிதையும் அறமும் சந்தித்துக்கொண்டன என்று எல்லோரும் நம்பிவிடுகிறோம்.

1927-ல் வந்த அந்த நிச்சயமின்மைக் கோட்பாடு உண்மையில் சொல்வது இதற்கு நேர் எதிரானது. இடத்தை எவ்வளவு துல்லியமாக அளந்தால் உந்தத்தில் எவ்வளவு துல்லியத்தை இழப்பாய் என்பதற்கு அது ஒரு கீழ்வரம்பு தருகிறது. அந்த வரம்பு ஒரு எண். பிளாங்க் மாறிலியில் தொடங்கும் எண். தெரியாமையின் அளவு இவ்வளவு என்று மனிதகுலம் இதைவிடக் கறாராக வேறெங்கும் எழுதியதில்லை. அதை எடுத்துக்கொண்டு வந்து ‘எதுவும் தெரியாது, எல்லாம் ஒன்றுதான்’ என்று சொல்வது, தராசைத் திருடிக்கொண்டுபோய் அதன் தட்டில் பூ வைத்து அழகு பார்க்கிற மாதிரி.

இயற்பியல், கவிதை, அறவியல் மூன்றையும் தனித்தனி அறையில் பூட்டிவைக்கச் சொல்லவில்லை நான். மூன்றும் சந்திக்கிற இடம் ஒன்று இருக்கிறது. ஆனால் அது உருவகத்தில் இல்லை, நாம் அலட்சியமாகக் கடந்துபோகிற ஒரு சின்ன ± குறியில் இருக்கிறது. இதைக் காட்ட நான் போலந்துக்குப் போக வேண்டியிருக்கிறது. தமிழில் சிம்போர்ஸ்காவும் மிலோஸும் ஹெர்பர்ட்டும் மொழிபெயர்க்கப்பட்டு, பகிரப்பட்டு, வாழ்த்து அட்டை வாசகம்போல ஆகிவிட்ட காலத்தில் அவர்களிடம் வேறு எதற்காகப் போகலாம் என்பதும் இதில் வந்துவிடும்.

மோசமான உதாரணங்களை அடித்து ஜெயிப்பதில் பெருமை இல்லை. ஆகவே இந்த மூன்றையும் இணைக்கச் செய்யப்பட்ட முயற்சிகளில் நான் மிகவும் மதிக்கும் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். ஜேக்கப் ப்ரொனோவ்ஸ்கி. 1908-ல் போலந்தின் வூட்ஜ் நகரில் பிறந்தவர். கணிதம் படித்தவர், வில்லியம் பிளேக் பற்றிப் புத்தகம் எழுதியவர், குண்டு விழுந்த சில மாதங்களில் நாகசாகியை நேரில் போய்ப் பார்த்தவர். 1973-ல் பிபிசியில் வந்த அவருடைய ‘மனிதனின் ஏற்றம்’ தொடரில் ‘அறிவா, நிச்சயமா’ என்று ஒரு அத்தியாயம் உண்டு. இயற்பியலிலிருந்து அறத்துக்கு ஒரே மூச்சில் நடந்துபோகும் ஐம்பது நிமிடம்.

போலந்தில் பிறந்த ஒரு முதியவரின் முகத்தோடு அது தொடங்குகிறது. அந்த முகத்தை ஒரு பார்வையற்ற பெண் விரலால் தடவி அறிகிறார், ஒரு ஓவியர் வரைகிறார். பிறகு அகச்சிவப்புக் கதிரில், எக்ஸ்ரேயில் என்று வெவ்வேறு அலைநீளங்களில் பார்க்கிறார்கள். எந்தக் கருவியும் கடைசி முகத்தைத் தருவதில்லை. அடுத்து கோட்டிங்கன் நகரம், கௌஸ், அவருடைய பிழை வளைவு. எவ்வளவு கவனமாக அளந்தாலும் அளவீடுகள் சிதறும், அந்தச் சிதறலே நம் அறிவின் எல்லை என்கிறார். அங்கிருந்து ஹைசன்பர்க். நிச்சயமின்மை என்ற பெயர் தப்பு, இதை ‘டாலரன்ஸ்’ கோட்பாடு என்று அழைக்கலாம் என்கிறார். கடைசியில் ஆஷ்விட்ஸ். கோட்டும் ஷூவுமாக முகாமின் குளத்துக்குள் இறங்கி, தண்ணீருக்கடியில் கைவிட்டுச் சேற்றை அள்ளுகிறார். அவருடைய உறவினர்கள் பலரின் சாம்பல் கரைந்த சேறு. தான் சொல்வது முற்றிலும் சரி என்று மனிதர்கள் நம்பும்போது இதுதான் நடக்கும் என்கிறார்.

அந்தக் காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த ஈரக் கை என்னை அசைத்துவிடுகிறது. ஆனால் அசைந்துவிட்டோம் என்பதற்காக வாதம் சரியாகிவிடாது.

முதல் சிக்கல் அந்த ‘டாலரன்ஸ்’. பொறியியல் முதலாண்டு ஒர்க்‌ஷாப்பில் நின்றவர்களுக்குத் தெரியும். லேத்தில் ஒரு தண்டைக் கடைந்தால், சொன்ன அளவிலிருந்து மேலேயோ கீழேயோ எவ்வளவு பிசகலாம் என்று வரைபடத்திலேயே குறித்திருப்பார்கள், அதுதான் டாலரன்ஸ். ஆங்கிலத்தில் அதே சொல்லுக்குச் சகிப்புத்தன்மை என்ற பொருளும் இருக்கிறது. ப்ரொனோவ்ஸ்கி முதல் பொருளில் ஏறி இரண்டாவது பொருளில் இறங்கிக்கொள்கிறார். தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘தண்டின் விட்டத்தில் சிறு பிசகு அனுமதிக்கப்படுவதால், நாம் பிற மதத்தவரைச் சகித்துக்கொள்ள வேண்டும்.’ ஒட்டவே ஒட்டாது. மொழி மாறினால் உடையும் வாதம் சிலேடை மட்டுமே. வெறுப்பவனும் அதே இயற்பியலை வைத்துக்கொண்டு ‘எதுவும் நிச்சயமில்லையே, நான் செய்தது தப்பு என்பது மட்டும் எப்படி நிச்சயம்?’ என்று கேட்கலாம். கேட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது சிக்கல்தான் எனக்கு முக்கியம். அந்தக் குளத்தில் நின்றுகொண்டு, இங்கே சுமார் நாற்பது லட்சம் பேரின் சாம்பல் கரைக்கப்பட்டது என்று அவர் சொல்கிறார்.

அந்த எண் தவறு. அவர் கண்டுபிடித்த எண் இல்லை அது. 1945-ல் சோவியத் விசாரணைக் குழு அறிவித்த எண், முகாமின் நினைவுப் பலகைகளிலேயே செதுக்கப்பட்டிருந்த எண். உடல்களை எரித்த உலைகளின் கொள்ளளவையும் அவை இயங்கிய காலத்தையும் பெருக்கிப் போட்ட கணக்கு. ஒரு சர்வரின் அதிகபட்சத் திறனை வைத்துக்கொண்டு ‘இத்தனை கோடிப் பேர் வந்தார்கள்’ என்று சொல்வதைப்போல. பிழை வளைவைப் பற்றி அரை மணி நேரம் பேசிய மனிதர், அந்த அத்தியாயத்தின் மிகப் பெரிய எண்ணைப் பிழைவரம்பு இல்லாமல் சொன்னார். அந்த இடத்தில் அவருக்கு அது ஒரு அளவீடாகவே தோன்றவில்லை. அது ஓலமாகிவிட்டது, ஓலத்துக்கு யார் ± போடுவார்கள்?

ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகத்தின் வரலாற்றாய்வாளர் ஃபிரான்சிஷெக் பிபெர் அந்த எண்ணை மறுபடி கணக்கிட்டார். உலைகளை விட்டுவிட்டு ரயில்களை எண்ணினார். எந்த ஊரிலிருந்து எந்தத் தேதியில் எத்தனை பேர் ஏற்றப்பட்டார்கள் என்று நாடு நாடாகக் கூட்டினார். கொண்டுவரப்பட்டவர்கள் குறைந்தது 13 லட்சம், கொல்லப்பட்டவர்கள் சுமார் 11 லட்சம், அவர்களில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் யூதர்கள். பழைய பலகைகள் 1990-ல் அகற்றப்பட்டன. அதற்குப் பிறகு வந்த புதிய பலகையில் ‘சுமார் 15 லட்சம்’ என்று பொறித்தார்கள். ஆய்வாளர் தன் மேசையில் சொல்வது ஒன்று, கல் சொல்வது வேறு. இன்றும் அப்படியே இருக்கிறது.

இதன் விலை என்ன தெரியுமா? நாற்பது லட்சம் பதினொரு லட்சமானதும், ஹோலோகாஸ்ட் நடக்கவே இல்லை என்று சொல்லும் கூட்டம் கொண்டாடியது. ‘முப்பது லட்சத்தைக் காணோம், மீதியும் பொய்தான்’ என்றார்கள். அது பித்தலாட்டம். அறுபது லட்சம் யூதர்கள் என்ற மொத்தக் கணக்கை வரலாற்றாய்வாளர்கள் வேறு வழிகளில்தான் கண்டடைந்தார்கள், அந்தப் பலகையைப் பார்த்துக் கூட்டவில்லை. ஆனால் பித்தலாட்டத்துக்கு ஒரு கைப்பிடி தேவைப்பட்டது. அந்தக் கைப்பிடியைச் செய்து கொடுத்தது நல்லெண்ணத்தோடு ஊதப்பட்ட ஒரு எண்.

‘எண்ணாக்குவதே நாஜிகளின் வேலைதானே, கையில் பச்சை குத்தியவர்கள் அவர்கள்தானே?’ என்று இங்கே ஒரு குரல் வரும். கவிஞர்களிடமிருந்து அடிக்கடி வரும் குரல். தகவல் வேறு மாதிரி இருக்கிறது. ஆஷ்விட்ஸில் எண் கொடுத்துப் பதிவு செய்யப்பட்டவர்கள் சுமார் நான்கு லட்சம் பேர், வேலை வாங்குவதற்காக வைத்துக்கொண்டவர்கள். ரயிலிலிருந்து இறங்கியதுமே விஷவாயுவுக்கு அனுப்பப்பட்ட சுமார் ஒன்பது லட்சம் பேருக்கு எண்ணே தரப்படவில்லை. குழந்தைகள், கிழவர்கள், குழந்தையைக் கையில் வைத்திருந்த தாய்மார்கள் யாருமே எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. அவர்களை எண்ணாமல் விட்டதுதான் கொன்றவர்களின் வேலை, எண்ணுவது அதற்குப் பிறகு வந்தவர்களின் கடமை.

இதைக் கவிதையில் புரிந்துகொண்டவர் ஸ்பிக்னியூ ஹெர்பர்ட். ‘முற்றுகையிடப்பட்ட நகரத்திலிருந்து அறிக்கை’ 1983-ல் பாரிஸில் வெளியானது. போலந்தில் ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டு, வூயெக் சுரங்கத்தில் ஒன்பது தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டு, அதிக காலம் ஆகியிருக்கவில்லை. அதில் துல்லியத்தின் தேவையைப் பற்றித் திரு. கோகிட்டோ யோசிக்கும் கவிதை ஒன்று இருக்கிறது. இதுவரை நான் படித்த கவிதைகளிலேயே இயற்பியலிடம் நேர்மையாக நடந்துகொண்டது அதுதான். ஏனென்றால் அது இயற்பியலிடமிருந்து உருவகம் எதையும் கடன் வாங்கவில்லை. இயற்பியலைப் பார்த்துப் பொறாமைப்படுகிறது. மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் அளந்துவிட்டார்களே, மனித விவகாரத்தில் மட்டும் ஏன் இந்த அசட்டை என்று குமாஸ்தாவின் குரலில் கேட்கிறது. டிராயில் செத்தவர்கள் எத்தனை பேர், பழைய போர்க்களங்களில் எத்தனை பேர், யாருக்கும் தெரியாது. இந்தக் கணக்கில் ஒரு ஆள்கூடப் பிசகக் கூடாது என்பது திரு. கோகிட்டோவின் கட்சி.

சிம்போர்ஸ்கா இதே இடத்துக்கு முன்னமே வந்துவிட்டார். 1962-ல் வெளியான ‘உப்பு’ தொகுப்பில், யாஸ்வோ ஊருக்கு அருகே பட்டினி போட்டுக் கொல்லப்பட்டவர்களைப் பற்றிய கவிதையில் அவர் சண்டை போடுவது ஒரு ரவுண்டிங் எரரோடு. ஆயிரத்துக்கு மேல் உதிர்ந்துபோகும் அந்த ஒற்றை ஆள் எங்கே போனான் என்பதுதான் கேள்வி. நம்மிடம் பிரபலமான சிம்போர்ஸ்கா கவிதைகளின் பட்டியலில் இது மேலே வருவதில்லை. பூனையும் வெங்காயமும் முதல் பார்வைக் காதலும்தான் வருகின்றன. போகட்டும்.

ஹெர்பர்ட்டின் பொறாமை காற்றிலிருந்து வந்ததல்ல. அவர் 1924-ல் பிறந்த ஊர் ல்வூஃப், இன்று உக்ரைனின் லிவீவ். அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரியன் ஸ்மோலுகோவ்ஸ்கி என்ற இயற்பியலாளர் இருந்தார். நீரில் மிதக்கும் துகள்கள் ஏன் ஓயாமல் நடுங்குகின்றன என்பதை, ஐன்ஸ்டீனுக்கு அடுத்த ஆண்டு, 1906-ல், தன் வழியில் கணக்கிட்டு வெளியிட்டவர். (நம் சந்திரசேகர் 1943-ல் எழுதிய புகழ்பெற்ற நீள்கட்டுரை ஒன்று இந்த ஸ்மோலுகோவ்ஸ்கியின் தோளில் ஏறி நிற்பது. இயற்பியல் படிக்காதவர்களுக்கு இது உபரித் தகவல், எனக்குப் பிடிக்கும் என்பதால் சொல்கிறேன்.) அந்தக் காலத்தில் அணு என்பதையே பலர் நம்பவில்லை. கணக்குக்கு வசதியான கற்பனை என்றார்கள். நீங்கள் ஒன்றையாவது பார்த்திருக்கிறீர்களா என்று எர்ன்ஸ்ட் மாஹ் கேட்பாராம். ஐன்ஸ்டீன், ஸ்மோலுகோவ்ஸ்கி சூத்திரங்கள் ஒரு வழியைத் திறந்தன: நடுக்கத்தை அளந்தால் அணுக்களை எண்ணிவிடலாம். பெரின் எண்ணினார். பத்துக்கும் மேற்பட்ட வெவ்வேறு வழிகள் ஏறக்குறைய ஒரே எண்ணில் வந்து நின்றன. பிடிவாதக்காரரான ஆஸ்ட்வால்ட் தன் எதிர்ப்பைக் கைவிட்டார். அணுவை அப்போதும் யாரும் கண்ணால் பார்த்திருக்கவில்லை. எண்ணியதும் அது உண்மையானது.

அதே பல்கலைக்கழகத்தில் அதே ஆண்டுகளில் தத்துவம் சொல்லிக்கொடுத்தவர் காஷிமியெஷ் ட்வர்தோவ்ஸ்கி. தெளிவில்லாமல் எழுதுகிறவர் தெளிவில்லாமல் யோசிக்கிறவர் என்று வாதாடிய மனிதர். அவருடைய மாணவி இசிதோரா தோம்ப்ஸ்கா. கட்சி ஆட்சி அவரை வகுப்பறையிலிருந்து வெளியேற்றியது. ஹெர்பர்ட் தன்னுடைய ‘ரசனையின் வலிமை’ கவிதையைச் சமர்ப்பித்தது அவருக்குத்தான். ஹெர்பர்ட்டுக்கு டோருனில் ஆசிரியராக இருந்த அறவியலாளர் ஹென்ரிக் எல்சென்பெர்க்கும் அதே காலத்தில் பாடம் நடத்த விடாமல் ஒதுக்கப்பட்டவர். ஒரே ஊர்க் காற்றில் எல்லாம் ஒன்றாகிவிட்டது என்று நான் மாயம் பண்ணவில்லை. மங்கலான மொழியை அதிகாரம் எப்படிப் பயன்படுத்தும் என்பதை நேரில் பார்த்தவர்களிடம் படித்த கவிஞர் அவர் என்பதை மட்டும் சொல்கிறேன். 1940-ல் காட்டின் காட்டிலும் மற்ற இடங்களிலும் போலந்து அதிகாரிகளும் கைதிகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மாஸ்கோ அதை 1990 வரை ஜெர்மானியர் தலையில் கட்டியது. அதற்கிடையில் 1959-ல் கேஜிபி தலைவர் ஷெலெபின் குருஷ்சேவுக்கு எழுதிய ரகசியக் குறிப்பில் எண் கச்சிதமாக இருக்கிறது: 21,857. கொன்றவர்களிடம் கடைசி இலக்கம் வரை இருந்தது. வீட்டில் காத்திருந்தவர்களிடம்தான் ‘சுமார்’ இருந்தது.

மிலோஸ் இதற்கு எதிர்த் திசையில் நின்றார். அவரைப் பெரிய கவிஞர் என்று நினைப்பதாலேயே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1977-ல் வந்த ‘உல்ரோ நிலம்’ நூலில், நியூட்டனுக்குப் பிறகான விஞ்ஞானம் மனிதனை எண்ணாகச் சுருக்கி ஆன்மிகத் தரிசில் விட்டுவிட்டது என்கிறார். உல்ரோ என்ற பெயரே பிளேக்கிடமிருந்து எடுத்தது. தன் உறவினரும் பிரெஞ்சுக் கவிஞருமான ஆஸ்கார் மிலோஸைப் பின்பற்றி, ஐன்ஸ்டீனின் சார்பியல் அந்தச் சிறையில் ஒரு ஜன்னலைத் திறந்ததாகவும் நம்பிக்கை கொள்கிறார். இங்கேதான் எனக்கு ஒத்துவரவில்லை. நியூட்டனின் வெளி ஆன்மாவைக் கொன்றது என்பதும் ஐன்ஸ்டீனின் வெளி அதைக் காப்பாற்றும் என்பதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். வெளி வளைந்திருந்தால் என்ன, நேராக இருந்தால் என்ன? அண்டை வீட்டுக்காரனைக் காட்டிக்கொடுக்கலாமா என்ற கேள்விக்கு இரண்டிலும் பதில் கிடையாது. ‘சிறைப்பட்ட மனம்’ எழுதியவருக்கு இது தெரியாதா? தெரியும். அந்த நூலில் அவர் தன் நண்பர்களின் சமரசங்களை ஒவ்வொன்றாக, அளவெடுத்ததுபோல விவரிக்கிறார். அங்கே அவர் எந்த இயற்பியலையும் துணைக்கு அழைக்கவில்லை. அதனால்தான் அந்த நூல் நிற்கிறது.

‘எண் உணர்ச்சியைக் கொன்றுவிடும், ஒரு குழந்தையின் கண்ணீர் போதும்’ என்ற வாதத்துக்கு அறவியலிலேயே ஒரு கூர்மையான வடிவம் உண்டு. 1977-ல் ஜான் டாரெக் என்ற அமெரிக்கத் தத்துவவாதி, எண்கள் கணக்கில் வர வேண்டுமா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்துக் கட்டுரை எழுதினார். ஒரு மருந்து இருக்கிறது. அது முழுவதும் கிடைத்தால் ஒருவர் பிழைப்பார், ஐந்தாகப் பிரித்தால் வேறு ஐந்து பேர் பிழைப்பார்கள். ஐந்து பேருக்குத்தான் தர வேண்டும் என்று நாம் சட்டென்று சொல்வோம். டாரெக் காசைச் சுண்டிப் போடுவேன் என்கிறார். ஐந்து மரணங்களின் மொத்த இழப்பை அனுபவிக்கும் மனிதர் என்று யாரும் இல்லை. ஒவ்வொருவரும் இழப்பது ஒரு உயிரை, தன் உயிரை. வலிகளைக் கூட்டி ஒரு குவியலாக்க முடியாது. அடுத்த ஆண்டே டெரெக் பார்ஃபிட் கடுமையாகப் பதில் எழுதினார். யாரைக் காப்பாற்றுவது என்ற கேள்வியில் நான் பார்ஃபிட் பக்கம்தான். ஐந்து பேரை விட்டுவிட்டுக் காசைச் சுண்டும் டாக்டரிடம் நான் போக மாட்டேன்.

ஆனால் குவியல் இல்லை என்று டாரெக் சொன்னதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன். அதிலிருந்து கவிஞர்கள் எடுக்கும் முடிவுக்கு நேர் எதிரான முடிவு வருகிறது. மரணங்கள் மணல்போலக் குவியும் என்றால் தாராளமாக ரவுண்டு பண்ணலாம். லாரி மணலில் ஒரு பிடி கூடக் குறைய இருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? குவியல் கிடையாது, ஒவ்வொன்றும் முழு இழப்பு என்றால், ‘சுமார்’ என்ற சொல்லுக்குள் விழுந்து மறைவது பின்னமல்ல, ஒரு முழு ஆள். எண்ணுக்கு எதிராகச் சொல்லப்படும் அந்த ஒற்றைக் குழந்தைதான் கடைசி இலக்கம் வரை எண்ணச் சொல்கிறது.

இயற்பியலாளர் இங்கே ஒன்று சொல்வார், அதைக் கேட்டாக வேண்டும். துல்லியம் என்பது நிறைய இலக்கங்கள் எழுதுவதல்ல. பிழைவரம்பு இல்லாத எண் அளவீடே இல்லை. ஆக, ஹெர்பர்ட் கேட்பதுபோல ஒருவரும் விடாமல் எண்ண முடியாத இடத்தில், எவ்வளவு தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. இயற்பியலில் அந்த ± எழுதியதும் வேலை முடிந்தது. எலக்ட்ரான்கள் ஒன்றுபோல இருப்பவை, எந்த எலக்ட்ரான் விடுபட்டது என்று எந்த எலக்ட்ரானும் வீட்டில் காத்திருக்கவில்லை. அறவியலில் அந்த ± எழுதிய இடத்தில்தான் வேலை தொடங்குகிறது. பிழைவரம்புக்குள் மனிதர்கள் இருக்கிறார்கள்.

இதை எழுதும் தமிழனுக்கு மனம் எங்கே போகும் என்று வாசிக்கும் உங்களுக்குத் தெரியும். 2009. வன்னி.

ஐநா நிபுணர் குழு 2011-ல் வெளியிட்ட அறிக்கை, கொல்லப்பட்ட பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்றது. ஐநா தன் செயல்பாட்டையே ஆராய்ந்து 2012-ல் வெளியிட்ட உள்விசாரணை அறிக்கை, 70,000-க்கும் மேற்பட்டவர்கள் கணக்கில் வரவில்லை என்றது. மன்னார் ஆயர் ராயப்பு ஜோசப் ஆண்டகை 2011 ஜனவரியில் அரசின் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்தது வேறொரு எண். 2008 அக்டோபர் தொடக்கத்தில் முல்லைத்தீவு, கிளிநொச்சி கச்சேரிப் பதிவுகளின்படி வன்னியில் இருந்தவர்கள் 4,29,059. அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள், ஐநா கணக்குப்படி, 2,82,380. வித்தியாசம் 1,46,679. இவர்களுக்கு என்ன ஆனது என்று ஆயர் கேட்டார்.

அவர் கேட்டது கேள்வி. கழித்தல் கணக்கும் ஒரு கேள்வியும். நம் மேடைகளும் முகநூல் கவிதைகளும் என்ன செய்தன? ‘ஒன்றரை லட்சம் பேர் கொல்லப்பட்டனர்’ என்று ஆக்கின. ஒரே வாக்கியத்தில் இரண்டு தப்பு. 3,321 பேரைச் சேர்த்துவிட்டோம், ‘கணக்கில் வராதவர்’ என்பதைக் ‘கொல்லப்பட்டவர்’ ஆக்கிவிட்டோம். ‘என்ன சார் பெரிய வித்தியாசம், இனப்படுகொலை நடந்ததா இல்லையா?’ என்று கேட்பீர்கள். பொதுமக்கள் இழப்பே இல்லாத நடவடிக்கை என்று சொன்ன அரசு ஒன்று எதிரே நிற்கிறது. அது காத்திருப்பது ஆஷ்விட்ஸ் பலகைபோல ஒரு கைப்பிடிக்காக.

ஆயரின் எண்ணுக்கும் பிழைவரம்பு உண்டு. இரண்டு பெரிய எண்களைக் கழித்தால் பிழை ஊதிப் பெருகும். மென்பொருள்காரர்கள் இதில் அடிபட்டிருப்பார்கள். அந்த இரண்டு எண்களிலும் ஆளுக்கு இரண்டு சதவீதப் பிசகு இருப்பதாக வைத்துக்கொண்டால், மோசமான நிலையில் வித்தியாசத்தில் 14,000 பேர் அளவுக்கு, ஏறத்தாழப் பத்து சதவீதத்துக்கு, பிசகும். கடல்வழி தப்பியவர்கள், பதிவில் வராமல் வெளியேறியவர்கள், ஆயுதம் ஏந்தி இறந்தவர்கள் எல்லாம் அதற்குள் இருக்கலாம். இதைச் சொல்வது அரசுக்கு உதவி செய்வதாகாது. எண்ணைக் கேட்பவர்கள் எல்லாம் நண்பர்கள் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் பகைவன் வந்து சுட்டிக்காட்டுவதற்கு முன்னால் நாமே எழுதிவைத்த பிழைவரம்பு பலவீனமாகாது. பிபெர் ரயில்களை எண்ணியதைப்போல, கிராமம் கிராமமாக, பெயர் பெயராக எண்ணுவதற்கான திட்டவரைவு அது. இங்கே எத்தனை இலக்கியக் கூட்டங்களில் வன்னி பேசப்பட்டிருக்கிறது, எத்தனை கூட்டத்தில் இந்தக் கழித்தல் கணக்கு பேசப்பட்டிருக்கிறது?

டேட்டாபேஸில் வேலை செய்கிறவர்களுக்கு நல் என்பதும் பூஜ்ஜியமும் வேறு வேறு. பூஜ்ஜியம் என்றால் எண்ணிப் பார்த்தோம், ஒன்றுமில்லை. நல் என்றால் இந்த இடத்தில் என்ன மதிப்பு என்று தெரியாது. நல்லோடு எதை ஒப்பிட்டாலும் விடை ‘உண்மை’யும் இல்லை, ‘பொய்’யும் இல்லை, மூன்றாவதாக ஒன்று. மூன்று மதிப்புகள் கொண்ட தர்க்கத்தை 1920-ல் முன்வைத்தவர் ட்வர்தோவ்ஸ்கியின் ல்வூஃப் மாணவர் யான் வுகாசியேவிச். அவருடைய அட்டவணையும் டேட்டாபேஸின் அட்டவணையும் முழுக்க ஒன்றல்ல, ஆனால் ஒரே குடும்பம். நாம் இரண்டாமாண்டில் ஸ்டாக் பாடத்தில் மனப்பாடம் செய்தோமே ‘போலிஷ் நொட்டேஷன்’, அந்தப் போலிஷ்காரர் இவர்தான். எங்களுக்குப் பாடம் எடுத்தவர் அது ஷூ பாலிஷா என்று கேட்ட பையனுக்குக்கூடப் பதில் சொல்லவில்லை. மூன்றாவது மதிப்பை அவர் கண்டடைந்தது விளையாட்டுக்காக அல்ல. நாளை நடக்கப்போவது இன்றைக்கே உண்மையாகவோ பொய்யாகவோ தீர்ந்துபோயிருந்தால் மனிதனுக்குச் சுதந்திரம் ஏது என்ற கவலையிலிருந்து வந்தது அது.

கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20 அன்று, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் சாலையோரப் பந்தலில் படங்களோடு உட்கார்ந்தார்கள். 2020 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, காணாமல்போனவர்கள் இறந்துவிட்டார்கள், மரணச் சான்றிதழ் தரலாம் என்றார். தாய்மார் மறுத்தார்கள். கையில் கொடுத்த பிள்ளை எங்கே என்று சொல், அப்புறம் சான்றிதழ் தா என்பது அவர்கள் வாதம். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதை நம்பிக்கை, தாய்ப்பாசம், ஏற்க மறுக்கும் மனநிலை என்று மென்மையான பெயர்களில் அழைக்கிறார்கள். எனக்கு அது அப்படித் தெரியவில்லை. தெரியாத மதிப்பு இருக்கும் கட்டத்தில் பூஜ்ஜியத்தை எழுதவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் அவர்கள். இறந்துவிட்டார் என்று எழுத ஒரு தேதி வேண்டும், இடம் வேண்டும், யார் கையில் என்று வேண்டும். இவை மூன்றையும் தராமல் விடையை மட்டும் எழுதச் சொல்கிறது அரசு. பரீட்சையில்கூட அதற்கு மார்க் கிடையாது.

4,29,059 என்ற எண்ணின் கடைசி இலக்கத்தைப் பற்றி நான் சில சமயம் யோசிப்பதுண்டு. ஷெல் விழுந்துகொண்டிருந்த மாதங்களில், இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போய்க்கொண்டிருந்த ஜனங்களுக்கு நடுவே, நிவாரணப் பட்டியலுக்காகக் கிராம சேவகர்கள் குடும்பம் குடும்பமாக எழுதிக் கொடுத்ததைக் கச்சேரியில் யாரோ கூட்டியிருக்கிறார்கள். 4,29,000 என்று போட்டிருக்கலாம். அந்த நேரத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஐம்பத்தொன்பது பேரையும் சேர்த்து எழுதியிருக்கிறார்.